தூசுக்குப் பின்னால் ஒரு கருந்துளை: அட்டகாமா பயணக் குறிப்புகள்

வியாழன், அன்டோஃபகாஸ்டா

சிலியின் தலைநகர் சான்டியாகோவில் ஏறினால் வடக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேர விமானப் பயணம். இடப்பக்க ஜன்னலில் பசிபிக், வலப்பக்க ஜன்னலில் அட்டகாமாப் பாலைவனத்தின் செம்பழுப்பு மண். பச்சை என்று எதுவும் கண்ணில் படவில்லை. ஊருக்குள் வந்தால் துறைமுகம், செம்புச் சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பேருந்துகள், கடலைப் பார்த்து நிற்கும் அடுக்குமாடிகள். ராத்திரிச் சாப்பாடு எம்பனாதா. உள்ளே கறிக்குப் பதில் சீஸ் வைத்தும் தருகிறார்கள் என்று தெரிந்ததில் எனக்கு நிம்மதி.

கூட வந்திருப்பவன் அக்கா மகன். இன்ஜினியரிங் படிக்கிறான். "சிலிக்குப் போய்ப் பாலைவனத்துல என்ன மாமா பார்க்கப் போறீங்க?" என்று வீட்டிலேயே கேட்டுவிட்டு, விடை கிடைக்கும் முன்பே பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவன்.

விடையை இங்கே எழுதிவிடுகிறேன். பெரிய கேலக்ஸி ஏறத்தாழ ஒவ்வொன்றின் நடுவிலும் பல லட்சம் முதல் பல நூறு கோடி சூரியன்களின் எடை கொண்ட ஒரு கருந்துளை இருக்கிறது. பெரும்பாலானவை சும்மா கிடக்கின்றன. சிலவற்றில் மட்டும் வாயு வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. விழுகிற வாயு தட்டையாகச் சுழன்று, உரசிச் சூடேறி, சில சமயம் கேலக்ஸியின் மொத்த நட்சத்திரங்களையும் மிஞ்சி ஒளிர்கிறது. இவற்றைத்தான் செயல்படும் கேலக்ஸிகள் என்கிறோம். இவற்றில் பலவற்றின் மையத்தை நேராகப் பார்க்க முடியாது. தூசு மறைக்கிறது. மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த அளவுள்ள கரித்துகள்களும் சிலிக்கேட் துகள்களும் சேர்ந்த தூசு. அந்தத் தூசு எப்படி அடுக்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க மிகக் கூர்மையான கருவிகள் நிற்கும் மலை இங்கிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். பெயர் பாரனல். சனிக்கிழமைதான் பொதுமக்களுக்கு அனுமதி.

வெள்ளி, அன்டோஃபகாஸ்டா

காலையில் லா போர்ட்டாடா. கடலுக்குள் நிற்கும் பாறை வளைவு. பார்த்தோம், படம் எடுத்தோம், வெயிலுக்கு முன் திரும்பிவிட்டோம். பிற்பகல் முழுக்க அறையில் உட்கார்ந்து அவனுக்குப் பழைய கதையைச் சொன்னேன். நாளைக்கு மலையில் நின்றுகொண்டு இதையெல்லாம் விளக்க நேரம் இருக்காது.

1943-இல் கார்ல் சைஃபர்ட் என்ற அமெரிக்க வானியலாளர், மையம் மட்டும் அசாதாரணமாகப் பிரகாசிக்கும் சில சுருள் கேலக்ஸிகளின் நிறமாலைகளை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவுகளை) எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் வந்தவர்கள் இவற்றை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகையில் நிறமாலைக் கோடுகள் மிக அகலம். மையத்துக்கு வெகு அருகே வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதற்கு அதுவே அடையாளம். இன்னொரு வகையில் அந்த அகலக் கோடுகளே இல்லை. இரண்டும் வேறு வேறு ஜாதியா, அல்லது ஒன்றுதானா?

விடை வந்தது 1985-இல். ராபர்ட் அன்டோனூச்சியும் ஜோசப் மில்லரும் கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்திலிருந்து என்.ஜி.சி. 1068 என்ற இரண்டாம் வகைக் கேலக்ஸியைப் பார்த்தார்கள். முனைவாக்கம் பெற்ற, அதாவது ஒரே திசையில் அதிரும், ஒளியை மட்டும் தனியாகப் பிரித்ததும் இல்லாத அகலக் கோடுகள் வெளியே வந்தன. மையம் மறைந்திருக்கிறது, அதன் ஒளி மேற்புறமாகத் தப்பித்து, அங்கேயுள்ள எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறி நம் பக்கம் வருகிறது. அப்படியானால் மறைக்கும் பொருள் மையத்தை எல்லாப் பக்கமும் மூடவில்லை. நடுவில் ஓட்டையுள்ள மெதுவடையாகச் சுற்றி இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டாம் வகை, ஓட்டை வழியாகப் பார்ப்பவருக்கு முதல் வகை. அன்றிலிருந்து பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வடைதான்.

அகச்சிவப்பின், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியின், கதை இதற்கும் முன்னால் தொடங்குகிறது. ஃபிராங்க் லோ 1961-இல் ஜெர்மானியம் கொண்டு ஒரு வெப்ப உணர்வி செய்தார். அதன் பிறகுதான் விண்மீன்களையும் கேலக்ஸிகளையும் நீண்ட அகச்சிவப்பு அலைகளில் அளக்க முடிந்தது. 1960-களின் கடைசியில், சைஃபர்ட் கேலக்ஸிகள் அகச்சிவப்பில் எதிர்பாராத அளவுக்கு ஒளிர்வது தெரியவந்தது. 1969-இல் மார்ட்டின் ரீஸ், ஜோசப் சில்க், மைக்கேல் வெர்னர், கொழும்பில் பிறந்த சந்திரா விக்ரமசிங்க ஆகிய நால்வரும், இந்த ஒளி மையத்தால் சூடேறிய தூசிலிருந்து வருகிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அது வெறும் வாதமாக இருந்த காலம். தூசை நேரில் பிரித்துப் பார்க்க இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

"மறைக்கிற தூசே வெளிச்சம் போடுதா மாமா?"

ஆமாம். விழுங்கிய புற ஊதாக் கதிர்களைத் தூசு வெப்பமாக்கி அகச்சிவப்பாகத் திருப்பித் தருகிறது. மையத்தை நெருங்க நெருங்கச் சூடு கூடும். 1000 கெல்வினை (273-ஐக் கழித்தால் செல்சியஸ்) கொஞ்சம் தாண்டியதும் சிலிக்கேட் துகள்கள் தாக்குப்பிடிக்காது. 1500 கெல்வின் வாக்கில் கரித்துகள்களும் ஆவியாகிவிடும். அதற்கு உள்ளே தூசு இருக்கவே முடியாது. ஆகவே ஒவ்வொரு செயல்படும் கேலக்ஸிக்கும் தூசின் உள் எல்லை என்று ஒன்று உண்டு. மையம் எவ்வளவு பிரகாசமோ அதற்கேற்ப அந்த எல்லை வெளியே தள்ளிப்போகும்.

அந்த எல்லையைப் படம் எடுக்காமலேயே அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபேரால் 9 என்ற கேலக்ஸியின் மையம் 1980-களில் மங்கியது, பிறகு பிரகாசமானது. புற ஊதாவில் தெரிந்த மாற்றம் அகச்சிவப்பில் ஏறத்தாழ 400 நாள் கழித்துத் தெரிந்தது. ஒளி மையத்திலிருந்து தூசுக்குப் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரம் அது. அப்படியானால் சூடான தூசு மையத்திலிருந்து ஓர் ஒளியாண்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. 1989-இல் வெளியான முடிவு. பொறுமையாக வருடக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தால், ஒரு புள்ளியாகத் தெரியும் பொருளுக்குள்ளும் தூரம் சொல்ல முடிகிறது!

சனி, பாரனல்

விடியற்காலையிலேயே கிளம்பினோம். ஊரைத் தாண்டி மேட்டில் ஏறியதும் லாரிகளும் மின்கம்பிகளும். பிறகு அதுவும் இல்லை. மலைப்பாதையில் ஒரு செடி, ஒரு புல், ஒரு பறவை காணவில்லை. வருடம் முழுக்கப் பெய்யும் மழை 10 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் அன்டோஃபகாஸ்டாவிலிருந்து லாரியில் வருகிறது. வாசலில் பெயரைச் சரிபார்த்து, வழிகாட்டியோடு மேலே அனுப்பினார்கள்.

உயரம் 2635 மீட்டர். மேற்கே திரும்பினால் பசிபிக் வெறும் 12 கிலோமீட்டர்தான், ஆனால் கடல் தெரியவில்லை. கடல் மேல் மேகம் சமதளமாகப் படிந்து கிடக்கிறது, நாம் அதற்கு மேலே. இங்கத்தியவர்கள் காமன்சாகா என்று சொல்லும் மூடுபனி இது. குளிர்ந்த கடல் காற்று ஈரத்தைக் கீழேயே பிடித்து வைத்துக்கொள்வதால் மலையுச்சி காய்ந்து கிடக்கிறது. வந்து சேர்ந்த சற்று நேரத்தில் உதடு வெடிக்கத் தொடங்கிவிட்டது. அகச்சிவப்பு வானியலுக்கு இந்த வறட்சிதான் மூலதனம். நீராவி பல அலைநீளங்களை விழுங்கிவிடும். 8 முதல் 13 மைக்ரான் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, அதுவும் காற்று வறண்டிருந்தால்தான் சுத்தமாக இருக்கும்.

மேடையில் நான்கு பெரிய கட்டடங்கள். அன்டு, குயேன், மெலிபால், யெப்புன். ஒவ்வொன்றுக்குள்ளும் 8.2 மீட்டர் கண்ணாடி, தடிமன் 17.5 சென்டிமீட்டர்தான். பகலில் கதவுகளை மூடி உள்ளே குளிரூட்டி, ராத்திரி வரப்போகும் குளிருக்கு இப்போதே பழக்கி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் சூடான காற்று கண்ணாடிக்கு மேல் அலைந்து படத்தைக் கலைத்துவிடும்.

நான் பார்க்க வந்தது பெரியவற்றை மட்டும் இல்லை. அவற்றுக்கு நடுவே தரையில் தண்டவாளம் ஓடுகிறது. 1.8 மீட்டர் கண்ணாடியுள்ள நான்கு துணைத் தொலைநோக்கிகள் அதன் மேல் நகரும். தரையில் 30 இடங்களில் வட்ட மூடி போட்ட நிறுத்தங்கள். ஒரு நிறுத்தத்தின் அருகே குனிந்து பார்த்தேன். கான்கிரீட்டின் விளிம்பு துல்லியமாக வெட்டியிருக்கிறது, தண்டவாளத்தின் மேல்புறம் தேய்ந்து பளபளக்கிறது, பக்கவாட்டில் மெல்லிய செம்மண் படிந்திருக்கிறது. விரலை வைத்தால் ஒட்டவே இல்லை, அவ்வளவு காய்ந்த மண். அந்த மூடிக்குக் கீழே ஒளி போகும் வழி. எங்கள் காலுக்கடியில் சுரங்கப்பாதை. அதற்குள் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே காற்று அசையவே கூடாது.

அந்தச் சுரங்கத்தில் நடப்பதுதான் விஷயம். ஒற்றை 8.2 மீட்டர் தொலைநோக்கி 10 மைக்ரானில் என்.ஜி.சி. 1068-ஐப் பார்த்தால், ஏறத்தாழ 60 ஒளியாண்டுக்கும் சிறிய எதையும் பிரித்துக் காட்டாது. அந்தக் கேலக்ஸி சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நாம் தேடும் தூசோ பத்து ஒளியாண்டு அளவு. 130 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்று சேர்த்தால் அதே கணக்கு 4 ஒளியாண்டுக்கும் கீழே இறங்குகிறது. சேர்ப்பது லேசு இல்லை. கேலக்ஸி வானத்தில் நகர நகர ஒரு தொலைநோக்கிக்கு ஒளி முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் வந்துகொண்டே இருக்கும். சுரங்கத்துக்குள் தண்டவாளத்தில் ஓடும் கண்ணாடி வண்டிகள் அந்த வித்தியாசத்தைக் கணத்துக்குக் கணம் ஈடுகட்ட வேண்டும், அதுவும் மைக்ரானின் ஒரு பகுதி அளவுக்குத் துல்லியமாக. ஈடுகட்டினால் இரண்டு ஒளியும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் விழும். அவை எவ்வளவு தெளிவாக விழுகின்றன என்பதிலிருந்து பொருளின் அளவையும் வடிவத்தையும் கணக்கிடுகிறார்கள்.

இதில் இன்னொரு தொல்லை. 300 கெல்வின், அதாவது சாதாரண அறை வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளும் 10 மைக்ரான் வாக்கில்தான் அதிகம் ஒளிர்கிறது. நான், அவன், கண்ணாடி, குவிமாடம், மேலே உள்ள காற்று எல்லாமே ஒளிர்கிறோம். தேடும் கேலக்ஸியை விட இந்தப் பின்னணி பல மடங்கு பிரகாசம். அதனால் தொலைநோக்கியின் இரண்டாம் கண்ணாடியை நொடிக்குச் சில தடவை ஆட்டி, பொருளையும் பக்கத்து வெற்று வானத்தையும் மாறி மாறி எடுத்துக் கழிக்கிறார்கள். உணர்விகளையோ சுழியத்துக்குக் கீழே இருநூற்றுச் சொச்சம் டிகிரிக்குக் குளிரவைத்து வைத்திருக்கிறார்கள்.

2003-இல் மிடி என்ற கருவி இங்கே என்.ஜி.சி. 1068-ஐப் பார்த்தது. 2004-இல் நெதர்லாந்தின் வால்டர் யாஃபேயும் குழுவினரும் முடிவை வெளியிட்டார்கள்: 800 கெல்வினுக்கு மேல் சூடான ஒரு சின்ன உள்பகுதி, அதைச் சுற்றி 320 கெல்வின் வெப்பத்தில் தூசு, குறுக்களவு சுமார் 11 ஒளியாண்டு, உயரம் சுமார் 7. காகிதத்தில் இருபது வருடம் வரைந்த வடையின் அளவு முதல்முறை எண்ணாக வந்தது. நான் அந்தச் செய்தியைப் படித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது, படம் சரிதான் என்று நினைத்தவர்கள் பலர்.

முடியவில்லை. அதே மிடியை வைத்துக்கொண்டு மற்றக் கேலக்ஸிகளைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. நமக்கு 1.3 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள சர்சினஸ் கேலக்ஸியில், மெல்லிய தட்டு ஒன்றும் அதற்குக் குறுக்கே, அதாவது மேலும் கீழும் நீண்ட தூசு ஒன்றும் தெரிந்தன. 2012-இல் என்.ஜி.சி. 424, 2013-இல் என்.ஜி.சி. 3783. செபாஸ்டியன் ஹோனிக்கும் குழுவினரும் பார்த்த இந்த இரண்டிலும், 10 மைக்ரான் ஒளியில் பாதிக்கு மேல் வந்தது துருவத் திசையிலிருந்துதான். வடையில் ஓட்டை இருக்க வேண்டிய திசை! வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் தூசு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

என்.ஜி.சி. 1068-மே மறுபடி விவாதத்துக்கு வந்தது. 2020-இல் கிராவிட்டி என்ற கருவி 2 மைக்ரானில் எடுத்த படத்தில், 0.8 ஒளியாண்டு ஆரமுள்ள மெல்லிய வளையம் என்று அந்தக் குழு படித்தது. தடித்த வடை இல்லை என்பது அவர்கள் வாதம். 2022-இல் நான்கு தொலைநோக்கிகளைச் சேர்த்து 3 முதல் 13 மைக்ரான் வரை பார்க்கும் மத்தீஸ் கருவியை வைத்து வியோலெட்டா கேமஸ் ரோசாஸும் குழுவினரும் வெப்ப வரைபடமே போட்டார்கள். அவர்கள் படிப்பில் கருந்துளை அந்த வளையத்தின் நடுவில் இல்லை. பக்கத்தில், கெட்டியான தூசுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மையத்தைச் சுற்றித் தடித்த தூசு உண்டு என்ற பழைய எண்ணத்துக்கு அது பலம் சேர்த்தது. எனக்கு மத்தீஸ் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஒரே அலைநீளத்தில் வடிவத்தை மட்டும் பார்ப்பதைவிட, பல அலைநீளங்களில் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தது வலுவான சாட்சி.

கீழே இறங்கும் வழியில் ரெசிடென்சியா. வேலை செய்பவர்கள் தங்கும் இடம், பாதி மண்ணுக்குள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே செடி கொடி, ஒரு நீச்சல் குளம், ஈரக் காற்று. நாள் முழுக்க மண்ணை மட்டும் பார்த்த கண்ணுக்கு வாழை இலை அகலத்தில் ஓர் இலை தெரிந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். ராத்திரி வெளிச்சம் வெளியே கசியாமல் கூரையை மூடிவிடுவார்களாம்.

ஞாயிறு, வழியில்

கலாமா வழியாக சான் பெட்ரோ. 300 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலும் காற்றாலைகளும் சுரங்க லாரிகளும். அவன்தான் ஓட்டினான், கேள்வியும் அவன்தான்.

"மேலயும் கீழயும் தூசு எப்படி மாமா போச்சு? அங்கதான வெளிச்சம் அதிகம், எரிஞ்சு போகணும்ல?"

நல்ல கேள்வி. தள்ளுவதே அந்த வெளிச்சம்தான். தூசுத் துகளுக்கு ஒளியை உள்வாங்கும் பரப்பு அதிகம், எடை குறைவு. உள் எல்லையை ஒட்டியிருக்கும் தூசை மையத்தின் ஒளி அழுத்தம் கிளப்பிவிடுகிறது. பக்கவாட்டில் கெட்டியான தட்டு தடுப்பதால், போக வழி மேலேயும் கீழேயும்தான். கூடவே வாயுவையும் இழுத்துக்கொண்டு காற்றாக வீசுகிறது. உள் எல்லையைத் தாண்டி வந்துவிட்டதால் எரியவும் இல்லை. தடித்த வடைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது: அவ்வளவு உயரமாக நிற்க வேண்டுமானால் தூசு மேகங்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்கற்று ஓட வேண்டும், ஓடினால் மோதிக்கொண்டு தட்டையாகிவிடும். எது அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தட்டும் காற்றும் சேர்ந்த ஏற்பாடு என்று வைத்தால் அந்தச் சிக்கல் பாதி குறைகிறது.

திங்கள், சான் பெட்ரோ டி அட்டகாமா

ஊர் 2400 மீட்டர் உயரத்தில். மண் சுவர் வீடுகள், நாய்கள், சுற்றுலாக்காரர்கள். ராத்திரி ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் 16 அங்குலத் தொலைநோக்கி வைத்திருந்தார்கள். தேய்பிறை, நிலா வரவில்லை. சனிக்கோள், தேனீக்கூட்டாக நட்சத்திரங்கள் என்று எல்லோருக்கும் காட்டிய பிறகு, எம் 77 கேட்டேன். என்.ஜி.சி. 1068-க்கு மெசியர் பட்டியலில் அதுதான் எண். திமிங்கில மண்டலம் வடகிழக்கே ஏறியிருந்தது, நம் ஊரில் பார்ப்பதற்குத் தலைகீழாக. டெல்டா சீட்டி நட்சத்திரத்திலிருந்து ஒரு டிகிரி தள்ளினால் போதும்.

மங்கலான வட்டப் புகை, நடுவில் கூர்மையாக ஒரு புள்ளி. நேராகப் பார்த்தால் புகை மறைகிறது, கண்ணைச் சற்று ஓரமாகத் திருப்பினால் விரிகிறது. அந்தப் புள்ளியும் கருந்துளையைச் சுற்றிய தட்டு இல்லை. நட்சத்திர ஒளி, ஒளிரும் வாயு, மேற்புறமாகத் தப்பிச் சிதறி வந்த ஒளி எல்லாம் சேர்ந்த கலவை. அசல் மையம் அதற்குள் எங்கோ, கண்ணுக்கு எட்டாத தூசுக்குப் பின்னால். சனிக்கிழமை பார்த்த தண்டவாளம் எல்லாம் இந்தப் புள்ளிக்குள் போவதற்காகத்தான் என்று அவனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை அவன்.

தூசு தடுக்காத ஒன்றும் இங்கிருந்து வருகிறது. தென்துருவத்தில் பனிக்கட்டிக்குள் புதைத்த ஐஸ்கியூப் கருவி, என்.ஜி.சி. 1068-இன் திசையிலிருந்து சுமார் 80 நியூட்ரினோக்கள் (எதையும் ஏறக்குறைய தடையின்றிக் கடக்கும் நுண்துகள்கள்) உபரியாக வந்ததை 2022-இல் அறிவித்தது. ஏறத்தாழ பத்து வருடப் பதிவிலிருந்து எடுத்த எண். அகச்சிவப்பு தூசைக் காட்டுகிறது, நியூட்ரினோ தூசுக்குள்ளே நடப்பதிலிருந்து நேராக வருகிறது.

புதன், கலாமா விமான நிலையம்

பாரனல் மேடையிலிருந்து கிழக்கே ஆர்மசோனஸ் மலையில் ஒரு பெரிய குவிமாடம் எழும்புவதைப் பார்த்ததைச் சனிக்கிழமை எழுத விட்டுப்போயிற்று. 39 மீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கி அங்கே வருகிறது. அதில் மெடிஸ் என்ற அகச்சிவப்புக் கருவி பொருத்தப்போகிறார்கள். பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 10 மைக்ரானில் என்.ஜி.சி. 1068-க்கு ஏறத்தாழ 12 ஒளியாண்டு. சுரங்கத்தில் ஒளியைச் சேர்ப்பதை விடக் கூர்மை குறைவு. ஆனால் பட்டைகளிலிருந்து வடிவத்தைக் கணக்கிட வேண்டியதில்லை, முழுப் படமே கிடைக்கும். துருவத் திசைத் தூசு மையத்துக்கு அருகிலிருந்து நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தூரம் வரை தொடர்ச்சியாகப் போகிறதா, நடுவில் அறுந்திருக்கிறதா என்று அதில் நேரே தெரியும். தொடர்ந்தால், கருந்துளை தன்னைச் சுற்றிய கேலக்ஸிக்குள் எவ்வளவு பொருளைத் தள்ளுகிறது என்று கணக்கிடலாம். எனக்கு வேண்டிய எண் அதுதான்.

பாரனலுக்குப் போக நினைப்பவர்களுக்கு: முன்பதிவு இணையத்தில், கட்டணம் இல்லை, சனிக்கிழமை மட்டும். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும், பேருந்து கிடையாது. அன்டோஃபகாஸ்டாவிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். உதட்டுக்கு வாஸ்லைன், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர். என்.ஜி.சி. 1068-ஐக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், அமாவாசையை ஒட்டிப் போங்கள்.